கிழித்து ஒட்டி நம் முகம் செய்வது

முதல் வருடம் நான் செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பழைய வார இதழ்களைக் கொடுத்து, கண், மூக்கு, வாய் என்று வெட்டி ஒட்டி அவரவர் முகத்தைச் செய்யச் சொன்னேன். 32 படங்கள் வந்தன. எல்லாமே நகைக்கடை விளம்பரத்தில் சிரிக்கும் முகங்கள். காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளை ஒன்றுகூட அதில் இல்லை. அதிலிருந்து என் வகுப்பில் ஒரே கண்டிப்பு: அச்சில் இருக்கும் கண்ணைக் கண்ணாக ஒட்டக் கூடாது. கண்ணையும் நாமேதான் கிழித்துச் செய்ய வேண்டும்.

ஒரு வாரம் முன்பே ஆளுக்கொரு மஞ்சப்பையில் சேர்க்கச் சொல்லுங்கள். பஸ் டிக்கெட், ஜவுளிக்கடைப் பை, நோட்டுக்கு அட்டை போட்ட பழுப்புத் தாள், தையல்காரர் கடைத் துணித் துண்டு, கொட்டான் என்கிற ஓலைக்கூடை பின்னி மிஞ்சிய சாய ஓலை, எது வேண்டுமானாலும் வரட்டும். இரண்டு பொருள் மட்டும் வேண்டாம். சாமி படத்தை வெட்டக் கூடாது. பிள்ளைக்கும் மனசு வராது, வீட்டிலும் வருத்தப்படுவார்கள். காலண்டரில் தேதித் தாள் போதும். அப்புறம், ஐயா ஆச்சியின் (தாத்தா பாட்டியின்) பழைய போட்டோவை ஜெராக்ஸ் எடுத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

பிரான்சில் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் 1912இல் ஓவியத்தில் தாளை ஒட்டியதிலிருந்துதான் 'கொலாஜ்' என்கிற ஒட்டுப்படப் பாடத்தைத் தொடங்குவது வழக்கம். நான் நம் ஊர் வீட்டுச் சுவரிலிருந்து தொடங்குகிறேன். ஓவியர் ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாக வந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அந்த அச்சுப் படத்துக்கு மேல் நிஜத் துணியில் சேலை உடுத்தி, சரிகையும் மணியும் வைத்து அலங்கரித்த படங்கள் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் அப்படிப்பட்ட படங்களைப் பார்க்கலாம். அப்படி ஒரு படத்தின் போட்டோவைக் காட்டி, எது அச்சு, எது ஒட்டியது என்று கேட்டால் போதும், வகுப்பு தானாகவே பேச ஆரம்பித்துவிடும்.

சார்ட் அட்டையை நான்காக வெட்டினால் ஆளுக்கு ஒன்று. கைக்கண்ணாடியைப் பார்த்துப் பென்சிலில் மெல்லிய கோடு போடட்டும். பிள்ளைகள் கண்ணை நெற்றியில் கொண்டுபோய் வைப்பார்கள், உச்சந்தலையை மறந்துவிடுவதால். உச்சந்தலையிலிருந்து தாடை வரை அளந்தால் கண் சரிபாதியில் வரும். தன் கண் நீளத்துக்கு ஒரு தாள் கீற்று கிழித்து முகத்தின் குறுக்கே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய ஐந்து வரும். கண்ணுக்கும் தாடைக்கும் நடுவில் மூக்கின் நுனி. இவ்வளவு போதும், மீதியைக் கண்ணாடியே சொல்லிக்கொடுக்கும்.

இனி நிறம். நான் அதிக நேரம் ஒதுக்குவது இதற்குத்தான். "டீச்சர், ஸ்கின் கலர் தாள் இருக்கா?" என்று யாராவது கேட்பார்கள். அவர்கள் கேட்பது வெளிறிய ரோஜா நிறம். கேட்கிற பிள்ளையின் கை நல்ல கருப்பாக இருக்கும். அந்தக் கேள்வி எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. நான் பதில் சொல்லாமல் எல்லோரையும் வராண்டா வெளிச்சத்துக்குக் கூட்டிப்போவேன். புறங்கையைத் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்து, எது சேர்கிறது என்று அவர்களே தேட வேண்டும். பழுப்பு அட்டை, பிஸ்கட் பெட்டியின் உள்பக்கம், காய்ந்த பனை ஓலை, டீத்தூள் டிகாக்ஷனில் நனைத்துக் காயவைத்த வெள்ளைத் தாள் என்று எதுவும் சேரலாம். ஒரு தாள் போதாது. நெற்றிக்கும் மூக்குத் தண்டுக்கும் வெளிச்சமானது ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, கழுத்துக்கும் கண்ணுக்குக் கீழும் அழுத்தமானது ஒன்று. ஒரு பீரியட் முழுக்க இதற்கே போகட்டும். தன் நிறத்தைத் தேடி எடுத்த பிள்ளை அப்புறம் ரோஜாத் தாளைக் கேட்பதில்லை.

பசைக்கு ஒரு டம்ளர் மைதாவுக்கு நான்கு டம்ளர் தண்ணீர். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போலத் தெளியும்வரை கிண்ட வேண்டும். போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் பசை வாங்கிவிடாதீர்கள். பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பதுண்டு, அது விஷம். நம் பசை இரண்டாம் நாளே புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். துணிக்கும் ஓலைக்கும் ஃபெவிகால்தான் பிடிக்கும்.

ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கத்தரிக்கோலையும் முதலில் தர வேண்டாம். அச்சுத் தாளைக் கிழித்தால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். அதை மூக்குத் தண்டிலும் கீழ் உதட்டிலும் வைத்தால் ஒளி பட்டது போல இருக்கும். பின்புலம், கழுத்து, முகம், கடைசியாகக் கண் என்ற வரிசையில் போகலாம். முடிக்கு என்னதான் வரும் என்று சொல்ல முடியாது. ரெட்டைச் சடைக்கு ஓலையைப் பின்னி நிஜ ரிப்பன் கட்டியவர்கள் உண்டு. குன்றக்குடியில் மொட்டை போட்டுவந்த ஒரு பையன், தச்சு வேலை செய்யும் அப்பாவிடம் உப்புத்தாள் வாங்கிவந்து தலையில் ஒட்டினான். தொட்டுப் பார்த்தால் முளைக்கும் முடி போலவே சொரசொரப்பு.

பசையை மெல்லிசாகத் தடவி, மேலே செய்தித்தாள் போட்டு, நோட்டுக் கட்டை ஓர் இரவு ஏற்றி வைத்தால் அட்டை சுருளாது. மறுநாள் பெயர் தெரியாமல் சுவரில் மாட்டி, யார் யார் என்று வகுப்பையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்டுபிடிக்க முடியாத முகம் இருந்தால், அந்தப் பிள்ளையிடம் கண்ணாடியைத் திரும்பக் கொடுத்து இன்னொரு பீரியட் விடுங்கள்.

உப்புத்தாள் பையன் இரண்டு மாதம் கழித்து வந்து, முடி வளர்ந்துவிட்டது, மேலே கறுப்பு நூல் ஒட்டட்டுமா என்று கேட்டான். சுவரிலிருந்து படத்தை இறக்கிக் கொடுத்தேன்.