காயவைத்த விதை முளைக்காது: மழைக்காட்டு நாற்றங்காலில் நான் பார்க்கும் தவறுகள்

போன ஜூன் மாதம், வால்பாறைப் பக்கம் உள்ள எங்கள் நாற்றங்காலுக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். கையில் ஒரு பெரிய டப்பா. உள்ளே பாலி என்கிற மழைக்காட்டு மரத்தின் விதைகள். ஒரு வாரம் மொட்டைமாடியில் காயவைத்து, துணியால் துடைத்து, பளபளவென்று இருந்தன. டப்பாவின் மேல் மரத்தின் பெயர், எடுத்த இடம், தேதி எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில். “நல்லா காஞ்சிருக்கு அண்ணா” என்றார் ஒருவர் பெருமையாக. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் இதே டப்பாவோடு நானும் நின்றிருக்கிறேன்.

பையைக் கிழிக்காமல் நடுவது, குழியை அரையடியோடு நிறுத்திவிடுவது மாதிரித் தவறுகளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை செய்தால் தானாகவே புத்தி வந்துவிடும். வருடக்கணக்கில் செய்தும் தெரியாமலே போகிற தவறுகள்தான் ஆபத்து.

விதையைக் காயவைப்பது

நான் நெல் விளைகிற ஊரில் வளர்ந்தவன். விதைநெல்லில் 13 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்று விதைச் சான்றுக்காரர்கள் கருவி வைத்துச் சொல்வதை, என் அப்பா ஒரு மணியைப் பல்லில் கடித்தே சொல்லிவிடுவார். ‘டக்’கென்று உடைந்தால் குதிருக்குப் போகலாம். விதை என்றால் காயவேண்டும் என்பது அப்படி ரத்தத்தில் ஊறிய பாடம்.

அந்தப் பாடத்தோடுதான் மலையேறினேன். நானூறு பாலி விதைகளைப் பொறுக்கி, சதையைக் கழுவி, மழை விட்ட நேரமெல்லாம் வெயிலில் பரப்பி, நன்றாகக் காய்ந்தபின் டப்பாவில் அடைத்தேன். ஒரு மாதம் கழித்து விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. எலி தின்றிருக்கும், மண் சரியில்லை, பூஞ்சாணம் என்று காரணம் தேடிக்கொண்டிருந்தபோது, கழுவுகிற தொட்டிக்குப் பின்னால் சாக்கடை ஓரம் ஒரு வரிசையாக நாற்றுகள் நிற்பதைப் பார்த்தேன். பிடுங்கிப் பார்த்தால் அடியில் பாலிக் கொட்டை. கழுவும்போது கை தவறி விழுந்து, சேற்றிலேயே கிடந்தவை. நான் பார்த்துப் பார்த்துக் காயவைத்தவை செத்தன. கவனிக்காமல் விட்டவை பிழைத்தன. பாலி எல்லா வருடமும் ஒரேபோல் காய்க்காது. அடுத்த நல்ல காய்ப்புக்கு இரண்டு வருடம் காத்திருந்தேன்.

காரணம் இந்தக் காட்டின் தட்பவெப்பத்தில் இருக்கிறது. பல்லாங்குழிப் பெட்டியில் கிடக்கும் புளியங்கொட்டையைச் சில வருடம் கழித்து ஊன்றினாலும் முளைக்கும். வறண்ட சீமை மரத்தின் விதை, மழை எப்போது வருமோ என்று கெட்டியான தோலுக்குள் காத்திருக்கப் பழகியது. மழைக்காட்டு மரத்துக்கு அந்த அவசியம் இல்லை. பாலியும் வெடிப்பலாவும் தென்மேற்குப் பருவமழையை ஒட்டியே பழுத்து விழுகின்றன. கீழே ஈரமும் இருட்டும் தயார். காத்திருந்தால்தான் தொல்லை: எலி, வண்டு, பூஞ்சாணம். அதனால் விதை தூங்குவதே இல்லை. விழும்போதே முளைக்கிற வேலையைத் தொடங்கியிருக்கும். அதன் ஈரத்தை எடுப்பது உயிரை எடுப்பதுதான். பசுமைமாறா மழைக்காட்டு மரங்களில் கிட்டத்தட்டப் பாதி இந்த ரகம். பலா, மா, ரப்பர், கோகோ எல்லாம் இதே குடும்பத்துக் குணம் கொண்டவை.

ரப்பரின் கதை தெரிந்தால் என் நானூறு ஒன்றுமில்லை என்று தோன்றும். 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சுமார் 2,700. அதில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்து, கம்பஹா அருகே ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டது. ஆசியாவின் ரப்பர் தோட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு விக்காமின் அந்த விதைகள்தான் மூலம்.

சரி, என்ன செய்யலாம்? விழுந்த பழத்தை அன்றைக்கே எடுங்கள். சதையைக் கழுவி, இரண்டு மூன்று நாளுக்குள் விதையுங்கள். தூரம் போக வேண்டுமென்றால் ஈரமான தென்னைநார்க் கழிவில் புதைத்து, சணல் சாக்கில் சுற்றிக் கொண்டுபோங்கள். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள். விதை மூச்சுவிடும், உள்ளே சூடேறி ஒரே ராத்திரியில் பூஞ்சாணம் வெள்ளையாகப் படர்ந்துவிடும். பிரிட்ஜும் வேண்டாம், இந்த விதைகளுக்குக் குளிரும் ஆகாது. பலாக்கொட்டையில் செம்மண்ணைப் பூசிப் பானையில் போட்டுவைக்கும் பாட்டிகளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை.

அந்த இளைஞர்களின் டப்பாவையும் விதைத்துப் பார்த்தோம். முளைக்கவில்லை. அதை எதிர்பார்த்தேன். எரிச்சல் எதில் என்றால், அவர்களுக்குக் காயவைக்கச் சொன்னது ஒரு பயிற்சி வகுப்பின் கையேடு. மூன்று பக்கம் காய்கறி விதைக்கு எழுதியதை அப்படியே எடுத்து, தலைப்பில் மட்டும் ‘காட்டு மரங்கள்’ என்று போட்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டவெளியில் நடுவது

அடர்ந்த மழைக்காட்டின் தரையில் விழும் வெளிச்சம், மேலே உச்சியில் விழுவதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். வெடிப்பலா, நாங்கு எல்லாம் அந்த இருட்டில் நின்று, பக்கத்து மரம் ஒன்று சாய்ந்து வெளிச்சம் திறக்கும்வரை பொறுமையாக இருக்கும் கன்றுகள். கொட்டை பெரிதாக இருப்பதும் அதற்காகத்தான், கட்டுச்சோறு. நாங்கின் தளிர் ரத்தச் சிவப்பாக, துணிபோலத் தொங்கும்; பார்க்கப் பட்டாக இருக்கும், பட்டைப்போலவே சீக்கிரம் கருகும். அதை உண்ணிச்செடி வெட்டிய மொட்டை வெளியில் நட்டால் மார்ச் மாதம் இலை விளிம்பு பழுப்பாகச் சுருண்டுவிடும்.

முதலில் வெயில் தாங்கும் வட்டக்கண்ணி, சோலைவேங்கை. அவை தலைக்குமேல் நிழல் கட்டிய பிறகு மற்றவை. எஸ்டேட் ஓரத் துண்டுக்காட்டில் பழைய நிழல்மரம் நின்றால் அதன் காலடியிலேயே நடலாம்.

“மழைக்காடுதானே, தண்ணீர் எதற்கு?”

பாடப்புத்தகத்து வரையறையில், மழை மிகக் குறைந்த மாதத்திலும் 60 மில்லிமீட்டருக்குக் குறையாது. சிங்கப்பூர் அப்படிப்பட்ட இடம். ஆனைமலை அப்படி இல்லை. வருட மொத்தத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை பள்ளத்தில்கூடச் சருகு நொறுங்கும். முதல் இரண்டு கோடைக்கும் கன்றைச் சுற்றிச் சருகு மூடாக்கு போடுங்கள்.

சருகைக் கூட்டிக் கொளுத்துவது

காடு செழிப்பாக இருக்கிறது, எனவே மண்ணும் செழிப்பு என்று நினைக்கிறார்கள். சத்தின் பெரும்பகுதி மரத்திலும் மேலே கிடக்கும் சருகிலும் இருக்கிறது. கொளுத்தினால் அடுத்த மழை சாம்பலை ஓடைக்குக் கொண்டுபோய்விடும். சருகைக் கையால் விலக்கிப் பாருங்கள், அடியில் வெள்ளை நூல்போல வேர்கள் அதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

சில்வர் ஓக்

ஆஸ்திரேலிய மரம். தேயிலைக்கு நிழலாக இருக்கட்டும்.

டிசம்பரில் நடுவிழா

வேண்டாம்.

அட்டைக்கு உப்பு

காலில் தடவுங்கள், தாராளமாக. பொட்டலத்தை மட்டும் நாற்றுக்கூடையில் போட்டு மழையில் நடக்காதீர்கள். ஒருவர் போட்டார். பன்னிரண்டு வெடிப்பலாக் கன்று.