தீர்த்தன் ஆற்று டிரவுட்டுக்கு வெட் ஃப்ளை: கட்டும் முறையும் வீசும் முறையும்

டிரவுட் மீன் தன் இரையின் பெரும்பகுதியை நீர்மட்டத்துக்குக் கீழேயே பிடித்து உண்கிறது. மேஃப்ளை, கேடிஸ், ஸ்டோன்ஃப்ளை முதலிய பூச்சிகளின் இளம்பருவங்கள், இறக்கை விரிக்க மேலெழும்போது ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படுபவை, முட்டையிட நீருக்குள் இறங்கும் தாய்ப்பூச்சிகள், மூழ்கிச் செத்தவை என எல்லாமே அதன் வாயருகே வந்துகொண்டிருக்கின்றன. இவற்றில் எதையும் அச்சு அசலாக நகலெடுக்காமல், நீரில் நனைந்த ஒரு சிற்றுயிரின் அசைவை மட்டும் காட்டும்படி, தூண்டில் முள்ளில் நூலும் இறகும் கொண்டு கட்டும் செயற்கை ஈயே வெட் ஃப்ளை. அந்த அசைவு முழுவதும் மெல்லிய இறகின் தூவிகளிலிருந்து வருவதால், நூலும் இறகும் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவுக்கு ஈ உயிரோடு இருக்கும். கடையில் வாங்கும் ஈக்களில் பெரும்பாலானவை பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகவே தடிமனாகக் கட்டப்பட்டவை என்பது என் கருத்து. ஆகவே தில்லியில் இருக்கும் நாம் இவற்றை வீட்டிலேயே கட்டிக்கொள்வது நல்லது. தீர்த்தன் ஓடும் இமாச்சலப் பிரதேசத்தில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடியும் வரை டிரவுட் பிடிக்கத் தடை இருப்பதும் இதற்கு வசதிதான். பனிமூட்டத்தில் வெளியே போக முடியாத தில்லிக் குளிர்கால மாலைகளில் ஒரு பருவத்துக்கு வேண்டிய ஈக்களைக் கட்டி முடித்துவிடலாம்.

வைஸ் (முள்ளை இறுக்கிப் பிடிக்கும் கருவி), நூல் தாங்கி, ஹேக்கிள் (முள்ளைச் சுற்றிக் கட்டும் இறகு) இடுக்கி, தூண்டில் முட்கள் ஆகிய நான்கையும் இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். மற்றவை எல்லாம் ஊருக்குள்ளேயே கிடைக்கும். பழைய தில்லியின் கினாரி பஜாரில் மெல்லிய பட்டு நூலும், தங்க, வெள்ளி நிறச் சரிகையும் சில்லறையாகத் தருகிறார்கள். பாகீரத் பேலஸ் மின்சாதனக் கடைகளில் வாங்கும் தலைமுடி போன்ற செம்புக் கம்பி, ஈயின் உடலைச் சுற்றி வரியிடப் பயன்படும். தானாக உதிர்ந்த மயில் தோகை ஒன்றிரண்டு போதும். கறுப்பும் பச்சையும் கலந்து மின்னும் அதன் இழைகளைப் போல உடல் கட்ட ஏற்ற பொருள் வேறில்லை. இந்த ஈக்களைப் பழகியெடுத்த வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் கௌதாரி இனப் பறவைகளின் இறகைப் பயன்படுத்துவார்கள். நம் நாட்டுக் கௌதாரி காட்டுப் பறவை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைத் தொடக்கூடாது. அதற்கு ஈடாக நாட்டுக்கோழிப் பெட்டையின் பின்கழுத்து இறகு மிக நன்றாகவே வேலை செய்கிறது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நாட்டுக்கோழி விற்கும் கடைக்காரரிடம், வெந்நீரில் போடுவதற்கு முன்பே கழுத்து இறகைத் தனியே பிடுங்கித் தரச் சொல்ல வேண்டும். பழுப்பும் கறுப்புமாகப் புள்ளியிட்டவை சிறந்தவை. சேவலின் இறகு விறைப்பானது என்பதால் இந்த வேலைக்கு ஆகாது. வாங்கி வந்த இறகைச் சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பையில் கட்டி இரண்டு மூன்று நாள் ஃபிரீசரில் வைத்தால் செள்ளும் பூச்சியும் ஒழியும்.

முதலில் ஆரஞ்சு நிறப் பட்டு உடலும் பழுப்பு இறகும் கொண்ட ஈயைக் கட்டிப் பழக வேண்டும். இது ‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்’ என்று பெயர் பெற்ற பழைய ஈ. 14ஆம் எண் முள்ளை (எண் கூடக் கூட முள் சிறிதாகும்) அதன் தண்டு கிடைமட்டமாக நிற்கும்படி வைஸில் பிடித்து, பட்டு நூலைத் தேன்மெழுகின் மீது இரண்டு முறை இழுத்துக்கொள்ள வேண்டும். மெழுகில்லாத நூல் வழுக்கும். முள்ளின் காதுக்கு (நூல் கோக்கும் துளைக்கு)ப் பின்னால் ஒன்றரை மில்லிமீட்டர் இடம் விட்டு நூலைத் தொடங்கி, சுற்றோடு சுற்று ஒட்டும்படி பின்னோக்கிச் சென்று, முள்ளின் கூர்முனைக்கு நேர் மேலே நிறுத்தி, அங்கிருந்து அதே போல முன்னே திரும்ப வேண்டும். உடல் என்பது இந்த இரண்டு அடுக்கு நூல்தான், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். நீரில் நனைந்ததும் ஆரஞ்சுப் பட்டு கருத்து, உள்ளிருக்கும் முள்ளின் நிறம் லேசாகத் தெரியும் ஒருவிதத் தேன் பழுப்பாக மாறும். மீனின் கண்ணுக்குப் படுவது அந்த நிறமே என்பதால், காய்ந்த நூலைப் பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இனி இறகு. தூவியின் நீளம் முள்ளின் வளைவைச் சற்றே தாண்டும் அளவில் இருக்க வேண்டும். இறகின் அடிப்பகுதியில் இருக்கும் பஞ்சை நீக்கிவிட்டு, நுனியை ஒரு கையால் பிடித்து மற்ற தூவிகளைக் கீழ்நோக்கி நீவி விட்டால் நுனி மட்டும் தனியே பிரிந்து நிற்கும். அந்த நுனியை முள்ளின் காதருகே மூன்று சுற்றில் கட்டி, காம்பை இடுக்கியால் பிடித்து, இறகின் குழிந்த பக்கம் பின்னோக்கி இருக்கும்படி இரண்டே சுற்று சுற்ற வேண்டும். மூன்றாவது சுற்றுக்குக் கை போகும், போகக் கூடாது. பிறகு காம்பைக் கட்டி வெட்டி, ஐந்து சுற்று விப் ஃபினிஷ் (நூல் முனையைச் சுற்றுகளுக்குள் மறைக்கும் முடிச்சு) போட்டு, ஊசி முனையளவு நகப் பூச்சைத் தலையில் வைத்தால் ஈ முடிந்தது. பூச்சு உலர்ந்ததும் ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் ஈயை நூலில் கட்டி மூழ்கவிட்டு மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். இழுக்கும்போது தூவிகள் உடலோடு படிந்து, விட்டதும் மெதுவாக விரிய வேண்டும். விரியாமல் விறைத்து நின்றால் சுற்று அதிகம், அல்லது இறகு தவறு. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவதுதான் வழி.

இறக்கை வைத்த ஈக்கள் அடுத்த படி. ஸ்காட்லாந்தின் ட்வீட் ஆற்றங்கரையில் 1854இல் ஜேம்ஸ் ரைட் என்பவர் பாதிரியார் கிரீன்வெல்லுக்காகக் கட்டிக்கொடுத்த ‘கிரீன்வெல்ஸ் குளோரி’ இவற்றில் புகழ்பெற்றது: மெழுகிட்ட மஞ்சள் பட்டு, தங்கக் கம்பி வரி, நடு கறுத்த பழுப்பு ஹேக்கிள், சாம்பல் இறக்கை. கோழியின் இடச் சிறகிலிருந்து ஒன்றும் வலச் சிறகிலிருந்து ஒன்றுமாக ஒரே அகலத்தில் கீற்றுகள் வெட்டிச் சேர்த்து, முள்ளின் மேல் வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்தபடியே நூலைத் தளர்வான வளையமாகப் போட்டு, நேர் மேலாக இழுக்க வேண்டும். பிடியைச் சற்று விட்டாலும் இறக்கை முள்ளின் மறுபக்கம் உருண்டுவிடும். இது கைக்கு வர நாளாகும். இறக்கை இல்லாத ஈயே போதுமான மீன் பிடித்துத் தரும் என்பதால் அவசரப்படத் தேவையில்லை.

ஆற்றுக்கு வருவோம். தில்லியிலிருந்து குல்லு செல்லும் இரவுப் பேருந்தில் ஔட் சுரங்கப்பாதைக்கு முன்பே இறங்கி, பஞ்சார் வழியாகக் குஷைனி சென்றால் தீர்த்தன் ஆறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குல்லுப் பகுதி நீர்நிலைகளில் விடப்பட்ட பிரவுன் டிரவுட் இங்கே நிலைத்துவிட்டது. மாநில மீன்வளத் துறையின் உரிமச் சீட்டு இல்லாமல் தூண்டில் போடக்கூடாது. எத்தனை மீன், எந்த அளவு என்பதைச் சீட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் நீர் தெளிந்து குறைவாக ஓடுவதால் 16ஆம் எண் சிற்றீக்கள் பொருந்தும். பனி உருகிச் சாம்பல் பச்சையாகப் பெருகும் மே, ஜூனில் 12ஆம் எண்ணும், உடலில் வெள்ளிச் சரிகை வரியும் உதவும். ஜூலை, ஆகஸ்ட் மழையில் ஆறு கலங்கி ஓடும், மேலே பெய்த மழையில் திடீரென்று ஏறவும் செய்யும். அப்போது போகவே வேண்டாம்.

ஒன்பது அடிக் கோல், ஐந்தாம் எண் மிதக்கும் லைன் (வீசும் கயிறு), அதன் நுனியில் ஈயைக் கட்டும் மெல்லிய இழையான ஒன்பது அடி லீடர் போதும். லீடரில் முடிச்சிடும்போது ஒரு முனையை ஒரு சாண் நீட்டி விட்டால் அதில் இரண்டாவது ஈயைக் கட்டலாம். இரண்டு ஈக்களுக்கும் இடையே இரண்டு அடிக்கு மேல் இடைவெளி வேண்டும்.

தீர்த்தன் பெரும்பாலும் பாறைகளுக்கிடையே உடைந்து ஓடும் ஆறு. அத்தகைய இடங்களில் மீன் ஓட்டத்துக்கு எதிராக முகம் வைத்து, பாறையின் பின்னால், வேகநீரும் தேங்கிய நீரும் உரசும் கோட்டில் நிற்கும். எனவே கீழிருந்து மேல்நோக்கி நடந்து, அதன் முதுகுப்புறமாக நெருங்கி, இரண்டு கோல் நீளத்துக்கு மேல் போகாமல் வீச வேண்டும். வீசியதும் கோலை உயர்த்தி, லைன் நீரில் படாமல் வைத்து, ஈ ஓட்டத்தின் வேகத்திலேயே கீழே வர விட வேண்டும். மீன் கடிப்பதைக் கை உணர்வதற்குள் அது துப்பிவிடும். ஆகையால் லைனின் நுனியில் கண் வைத்து, அது நின்றாலோ பக்கவாட்டில் இழுபட்டாலோ உடனே கோலைத் தூக்க வேண்டும். நான்கைந்து வீச்சில் பதில் இல்லையென்றால் அடுத்த பாறைக்குப் போகலாம்.

மடுக்களின் கடைப்பகுதியில் நீர் சமமாக விரிந்து ஓடும் இடத்தில் முறை மாறுகிறது. எதிர்க்கரையை நோக்கிச் சற்றே கீழ்வாக்கில் வீசி, லைனின் நடுப்பகுதியை ஓட்டம் வளைத்து இழுக்கும் முன் அதை மேல்பக்கமாகப் புரட்டிப் போட்டு, ஈ மெதுவாக வட்டமடித்து நம் கரைக்கு வரும்படி செய்ய வேண்டும். வந்து நின்றதும் எடுத்துவிடக் கூடாது. சில நொடிகள் அப்படியே தொங்க விட்டு, பிறகு கோலை மெல்ல உயர்த்த வேண்டும். பூச்சி மேலெழுவது போலத் தோன்றும் அந்த நேரத்தில்தான் பல மீன்கள் கவ்வுகின்றன. இங்கே வெட்டி இழுத்தால் முள் கழன்றுவிடும். கோல் நுனியை உயர்த்தி வைத்து, லைனில் சிறு தொய்வு விட்டிருந்தால், மீன் திரும்பும் வேகத்தில் முள் தானாகவே வாயோரத்தில் ஏறும்.

முள்ளின் பார்பை (முனையருகே பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கியை) இடுக்கியால் முன்பே நசுக்கி வைத்துக்கொண்டால் மீனுக்குக் காயம் குறையும். விடப்போகும் மீனை உலர்ந்த கையால் தொடாமல், கையை நனைத்து, நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றி, அது தானாக நீந்திப் போகும் வரை ஓட்டத்துக்கு எதிர்முகமாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இந்த ஆற்றின் பூர்வீக மீனான ஸ்நோ டிரவுட்டும் சில வேளை ஈயைக் கவ்வும். அதை எப்போதும் திருப்பி விட்டுவிடுவதே முறை. அறைக்குத் திரும்பியதும் பயன்படுத்திய ஈக்களைத் துணியில் ஒற்றி ஓரிரவு திறந்த தட்டில் உலர விட வேண்டும். ஈரத்தோடு பெட்டியில் மூடினால் முள் துருவேறி, அந்தத் துரு பட்டு நூலையும் அரித்துவிடும்.