டெத் இசைக்குழுவைக் கேட்கத் தொடங்குவது எப்படி: பின்னாலிருந்து முன்னுக்கு

முதலில் ஒரு விஷயம். டெத் மெட்டல் என்கிற, தொண்டை கிழியக் கத்திப் பாடுகிற கடும் றொக் இசையை போன் ஸ்பீக்கரில் போட்டு யாருக்கும் காட்டாதீர்கள். நான் அப்படிப் போட்டபோது குசினிக்குள்ளிருந்து அம்மா கேட்டது, "ஆரடா அது, வயித்துக்குத்து வந்தவன் மாதிரிக் கத்துறான்?" அம்மாவில் பிழையில்லை. ஸ்பீக்கரில் பேஸ் கிற்றார் விழுங்கப்பட்டுவிடும், ட்ரம்ஸ் தகரத்தில் கல் எறிந்ததுபோல் கேட்கும், மிஞ்சுவது கத்தல் மட்டும்தான். இரண்டு காதுக்கும் ஒழுங்காக வேலை செய்கிற ஒரு இயர்போன் வேண்டும், விலை கூடியதாக இருக்கத் தேவையில்லை. வயலுக்கோ குளத்துக் கட்டுப் பக்கமோ போய்க் கேட்கப் போகிறீர்கள் என்றால் வீட்டில் சிக்னல் நல்லாய் இருக்கும்போதே பாட்டுகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எட்டு நிமிடப் பாட்டு பாதியில் நின்றால் அதைவிட எரிச்சல் வேறில்லை.

டெத் மெட்டலில் ஆயிரம் குழுக்கள் இருக்கின்றன. தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ஒன்றைத்தான், அதன் பெயரே டெத், அதாவது சாவு. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் சக் ஷுல்டினர் என்ற பொடியன் 1983 இல் மன்டாஸ் என்ற பெயரில் தொடங்கி அடுத்த வருடமே டெத் என்று மாற்றிய குழு. சக்குக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது 16 வயது அண்ணன் விபத்தில் இறந்துபோனான், சின்னவன் துயரத்திலிருந்து கொஞ்சம் வெளியில் வரட்டும் என்று தாய் தகப்பன் ஒரு கிற்றார் வாங்கிக் கொடுத்தார்கள். வகுப்புக்குப் போனவர் பிடிக்காமல் கெதியாக நின்றுவிட்டு, பிறகு எல்லாம் தானாகப் பழகியதுதான். 1987 இலிருந்து 1998 வரை ஏழு அல்பங்கள். ஆட்கள் வந்து வந்து போனார்கள், ஏழிலும் நின்றவர் சக் மட்டும்.

எல்லோரும் விடுகிற பிழை, முதல் அல்பத்திலிருந்து வரிசையாகத் தொடங்குவது. செய்யாதீர்கள். பின்னாலிருந்து வாருங்கள்.

கடைசி அல்பமான 'த சவுண்ட் ஒஃப் பெர்சிவியரன்ஸ்' 1998 இல் வந்தது. (அந்த வருடம் வன்னியில் கரண்ட் என்பதே கிடையாது, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் எங்கள் ஆட்கள் றேடியோ கேட்டார்கள், ஆகவே இது எனக்குக் கிடைக்கக் கனகாலம் பிடித்ததில் அதிசயமில்லை.) அதில் 'வொய்ஸ் ஒஃப் த சோல்' என்று ஒன்று இருக்கிறது. பாட்டுக்காரர் இல்லை, ட்ரம்ஸ் இல்லை, கத்தல் அறவே இல்லை. கீழே மரக் கிற்றார் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்க, மேலே மின்சாரக் கிற்றார் ஒப்பாரி மாதிரி இழுத்து அழும். நாலு நிமிடம்கூட இல்லை. இதை மட்டும் ஒரு கிழமை கேளுங்கள், அல்பத்தின் மற்றதுகளை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

எங்கள் பெரியப்பாவுக்கும் இதைத்தான் போட்டுக் காட்டினேன். என் ரீசேட்டில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "இவ்வளவு சாவையும் பாத்திட்டு வந்து நீ அதையே பேராய் வைச்சவனையோ கேக்கிறாய்?" என்றார். என்னிடம் மறுமொழி இல்லை. இயர்போனை நீட்டினேன். விறாந்தைக் கட்டில் இருந்து முழுக்கக் கேட்டார், வயரைச் சுற்றித் திருப்பித் தந்தார்.

"ஆள் இருக்கிறானோ?"

"இல்லைப் பெரியப்பா, 2001 இல செத்திட்டார்."

"என்ன வருத்தம்?"

"மூளையில கட்டி."

"காசில்லையாக்கும்."

காசும் ஒரு பிரச்சினையாகத்தான் இருந்தது. 1999 இல் நோய் தெரிய வந்தது, வைத்தியச் செலவுக்கு ரசிகர்களும் மற்றக் குழுக்களும் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். 2001 டிசம்பர் 13 இல் இறக்கும்போது அவருக்கு வயது 34. பெரியப்பா அதற்குப் பிறகு பெயரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

சரி, அடுத்தது 'சிம்பொலிக்', 1995. கன நேரம் இருக்க வேண்டிய இடம் இதுதான், என் கணக்கில் ஏழிலும் திறமானது. 'கிறிஸ்டல் மவுன்டன்' பாட்டை எடுத்து மூன்று தரம் கேளுங்கள், ஒவ்வொரு தரமும் ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். முதல் தரம் ட்ரம்ஸ். வாசிப்பவர் ஜீன் ஹோக்லன், நேரம் தவறாததால் 'அணுக் கடிகாரம்' என்று பட்டப்பெயர் வாங்கியவர். இரண்டு காலாலும் இரண்டு பெடலை மிதித்துக்கொண்டு மேலே கை வேறொரு கணக்கைப் போடும். கோயிலில் உடுக்குக்காரர் ஒரே தாளத்தில் நிற்கிற மாதிரி நின்று திடீரென்று ஆளை உலுக்குகிற அந்த இடத்தைத் தெரிந்த காதுக்கு இது புதிதாக இராது. இரண்டாம் தரம் கிற்றார்: மெட்டு எத்தனை தரம் மாறுகிறது என்று விரலில் எண்ணுங்கள். மூன்றாம் தரம் குரல். கடைசியில் மரக் கிற்றார் ஒன்று தனியாக மேலெழும், அதைக் கேட்டபிறகு முன்னால் கேட்ட கத்தல் ஏன் அவ்வளவு கோபமாக இருந்தது என்பது விளங்கத் தொடங்கும். அல்பத்தின் முதல் பாட்டு, அதே 'சிம்பொலிக்', சின்ன வயதில் காலமே நகராமல் நின்றதுபோல் இருந்த நாட்களை நினைத்து ஏங்குவது. கடைசிப் பாட்டு 'பெரெனியல் குவெஸ்ட்' எட்டு நிமிடத்துக்கு மேல், அதை இரவில் கேளுங்கள்.

வரிகளைக் காதால் பிடிக்க முயலாதீர்கள், இங்கிலீஸ்காரனுக்கே பிடிபடாது. முதலில் தேடி எடுத்து வாசியுங்கள், பிறகு கேளுங்கள். அந்தக் குரலைப் போலச் செய்து பார்க்கவும் வேண்டாம், பழக்கமில்லாமல் தொண்டையை இறுக்கிக் கத்தினால் இரண்டு நாளைக்குப் பேச்சு வராது. எனக்கு வரவில்லை, கடையில் சைகையால்தான் பாண் வாங்கினேன்.

அப்புறம் 'ஹியூமன்', 1991. குழு தலைகீழாக மாறிய இடம். இதற்கு முந்தின அல்பத்துக்காக ஐரோப்பாவுக்குப் பயணம் போகிற நேரம் சக் வரமாட்டேன் என்று நின்றுவிட, மற்றவர்கள் அவரில்லாமலே போய் வாசித்துவிட்டு வந்தார்கள். அதோடு அந்தக் கூட்டு முறிந்தது. சக் புதிதாகப் பிடித்தவர்கள் சினிக் என்ற குழுவின் போல் மஸ்விடலும் ஷோன் ரைனெர்ட்டும், பேஸுக்கு ஸ்டீவ் டிஜோர்ஜியோ. ஜாஸ் தெரிந்த கைகள் மெட்டலுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதுதான் இந்த அல்பம். 'கொஸ்மிக் சீ' என்று குரலில்லாத ஒன்று இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள். பழைய பதிப்பில் பேஸ் அமுங்கிப் போயிருக்கும், ரிலாப்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் பிறகு மீள்கலவை செய்து விட்டதைத் தேடினால் டிஜோர்ஜியோவின் விரல்கள் தெளிவாகக் கேட்கும். 1993 இன் 'இன்டிவிஜுவல் தோட் பட்டர்ன்ஸ்' இதன் தொடர்ச்சிதான், 'த பிலோசொபர்' ஒன்றைக் கேட்டால் போதும், பிடித்தால் மிச்சத்தை நீங்களே தேடுவீர்கள்.

இப்போது பழசுக்குப் போகலாம். 1987 இன் 'ஸ்க்ரீம் பிளடி கோர்' டெத் மெட்டல் என்ற வகையின் முதல் அல்பம் என்று பலர் சொல்வார்கள், சிலர் பொசெஸ்ட் என்ற கலிபோர்னியாக் குழுவின் 1985 அல்பத்தைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள், அந்தச் சண்டைக்குள் போகாதீர்கள். ஒலிப்பதிவில் வாசித்தது இரண்டே பேர்: கிற்றார், பேஸ், குரல் மூன்றும் சக், ட்ரம்ஸ் கிறிஸ் றைஃபெர்ட். பாட்டுகள் எல்லாம் பேய்ப்படக் கதை, இருபது வயதுப் பொடியன் வேறென்ன எழுதுவான். நேரே இதிலிருந்து தொடங்கினால் இரண்டாவது பாட்டிலேயே நிறுத்தியிருப்பீர்கள். பின்னாலிருந்து வந்தபடியால் இதற்குள் 'சிம்பொலிக்' முளைவிட்டிருப்பது கேட்கும்.

1988 இன் 'லெப்ரசி'யில் பேய் விலகி மனிதர் வருகிறார்கள். 'புல் த பிளக்' என்ற பாட்டு இயந்திரத்தில் உயிரைத் தாங்கிக் கிடக்கிற நோயாளி பேசுவது. ஆசுபத்திரி வாங்கில் இரவிரவாக இருந்தவர்கள் கவனமாகக் கேட்கவும். 1990 இன் 'ஸ்பிரிச்சுவல் ஹீலிங்' இன்னும் வெளிப்படை, அதில் 'லிவிங் மொன்ஸ்ட்ரொசிட்டி' போதைக்கு அடிமையான தாய்க்குப் பிறக்கிற பிள்ளையைப் பற்றியது. இசையாகப் பார்த்தால் கொஞ்சம் சோர்வான அல்பம் என்பது என் எண்ணம், ஜேம்ஸ் மேர்பியின் தனிக் கிற்றார் வாசிப்புக்காக மன்னிக்கலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு, தொடாமல் விட்டு வைத்த 1998 அல்பத்தை முழுக்கப் போடுங்கள். பாட்டுகள் நீளம், றிச்சர்ட் கிறிஸ்டியின் ட்ரம்ஸ் ஒரு இடத்திலும் இருக்க விடாது, சக்கின் குரலும் முந்தினவற்றைவிட மேலே ஏறிக் கீச்சிடும். 'வொய்ஸ் ஒஃப் த சோல்' வருகிற நேரம் பாருங்கள், ஒரு கிழமை தனியாகக் கேட்ட அதே துண்டு இப்போது வேறொன்றாகக் கேட்கும்.

கத்தல் கடைசிவரை ஒத்துவராவிட்டால் ஒரு குறுக்குவழி உண்டு. 1999 இல் சக் கொன்ட்ரோல் டினைட் என்ற இன்னொரு குழுவில் ஒரு அல்பம் செய்தார், கிற்றார் அவருடையது, பாடுகிறவர் டிம் ஐமர், கத்தாமல் பாடுவார். பெரியப்பாவுக்கு அடுத்தது அதுதான். வயல் வெட்டு முடியட்டும், இப்போது மனுசன் பொழுதுபட்டு வந்தவுடனேயே நித்திரை.