எரிபொருள் குழாய் பொருத்துகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரின் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் அமைப்பைப் பொருத்துகிறவர்கள், முன்பிருந்த ரப்பர் ஹோஸை மட்டும் மாற்றாமல் விட்டுவிடுவதே இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் மிக ஆபத்தானது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் பெரும்பாலும் 4 முதல் 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில்தான் செல்கிறது, இன்ஜெக்‌ஷனிலோ அது 40 பி.எஸ்.ஐ.யைத் தாண்டிவிடும். எனவே ஹோஸை வாங்கும்போது அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரக் குறியீடுகளில் 30ஆர்7 குறைந்த அழுத்தத்திற்கும், 30ஆர்9 இன்ஜெக்‌ஷனுக்கும் உரியவை. டேங்குக்குள் மூழ்கியிருக்கும் துண்டுக்கு 30ஆர்10 மட்டுமே பொருந்தும். மற்றவற்றின் வெளி உறை பெட்ரோலில் ஊறிக் கிடப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் கலந்த எரிபொருள் பழைய வகை ரப்பரை உப்பச் செய்து விரிசல் விடச் செய்யும் என்பதால், கையிருப்பில் பல காலம் கிடந்த ஹோஸைப் பயன்படுத்தாதிருப்பதே நல்லது.

நீண்ட தூரத்திற்கு உலோகக் குழாயும், எஞ்சின் அசையும் இடத்தில் மட்டும் குறுகிய ஹோஸும் வைப்பதே சரியான முறை. வளைப்பது எளிது என்பதற்காகச் செப்புக் குழாயைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தொடர்ந்த அதிர்வில் அது இறுகி விரிசல் விடும்.

கசிவு பெரும்பாலும் குழாயின் நடுவில் அல்ல, முனையில்தான் தொடங்குகிறது. ரம்பத்தால் அறுத்த குழாயின் விளிம்பில் பிசிறு நிற்கும், உள்ளே விழுந்த துகள்கள் இன்ஜெக்டரை அடைக்கும். ஆகவே குழாய் கட்டரால் வெட்டி, பிசிறை நீக்கி, காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். 37 டிகிரி ஃபிளேரையும் (இணைப்புக்காகக் கூம்பு வடிவில் விரித்த குழாய் முனை) 45 டிகிரி ஃபிளேரையும் ஒன்றாக இணைத்தால், மரை சில சமயம் ஏறிவிட்டாலும் கூம்புகள் முழுமையாகப் படியாது. எவ்வளவு முறுக்கினாலும் கசிவு நிற்காது. அங்கே டெஃப்லான் டேப் சுற்றுவதும் பயனற்றது, ஏனெனில் ஃபிளேர் இணைப்பை அடைப்பது கூம்பின் பரப்பே தவிர மரையல்ல. ஹோஸைச் செருகும் முனையில் புடைப்பு வளையம் இல்லாவிட்டால், அழுத்தம் ஏறும்போது அது நழுவி வெளியே வந்துவிடும். துளையிட்ட பட்டை கொண்ட சாதாரண கிளாம்ப் ரப்பரை அறுக்கும் என்பதால், விளிம்பு மடிந்த இன்ஜெக்‌ஷன் கிளாம்பையே போட வேண்டும்.

எக்ஸாஸ்ட் குழாய்க்கும் சுழலும் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கும் அருகில் குழாயைக் கொண்டு செல்லக் கூடாது. தகட்டில் துளையிட்ட இடங்களில் துளையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையமான கிராமெட் கட்டாயம் தேவை.

வேலை முடிந்ததும், தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு, எஞ்சினை இயக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால், அழுத்தத்தை இறக்கி பேட்டரியைக் கழற்றிய பிறகே அந்த இணைப்பைத் தொட வேண்டும். முதல் ஓட்டத்தில் சூடேறிய வண்டி ஆறிய பின் அதே சோதனையை மறுபடியும் செய்யுங்கள். குளிர்ந்திருக்கையில் இறுக்கமாக இருந்த கிளாம்ப், ரப்பர் சூடாகிப் படிந்த பின் தளர்ந்திருக்கலாம்.