தெம்பே போடத் தெரிந்தால் பயோடெக் பாதி புரிந்த மாதிரி

"பிள்ளை எஸ்பிஎம் முடித்துவிட்டு பயோடெக் எடுக்கப் போகிறேன் என்கிறது, அது என்னங்க, எலிக்கு ஊசி போடுகிற வேலையா?" பினாங்கில் கல்விக் கண்காட்சி எங்கே நடந்தாலும் நம்மவர்களில் ஒருவராவது இப்படிக் கேட்பார். கேட்கிறவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, அரைக் கிலோ சோயா வாங்கிப் பிள்ளையும் நீங்களுமாகத் தெம்பே (பூஞ்சையை வளர்த்துப் புளிக்கவைத்த சோயாக் கட்டி) போட்டுப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். உயிருள்ள ஒன்றை நமக்காக வேலை செய்ய வைப்பதுதான் உயிரித் தொழில்நுட்பம். அதற்குத் தீனி, சூடு, காற்று மூன்றும் கிடைக்க வேண்டும், வேண்டாத கிருமி பக்கத்தில் வரக்கூடாது. தெம்பேயில் இந்த நாலும் கண்ணெதிரே நடக்கும்.

சோயாவை ராத்திரியே ஊறப்போடுங்கள். காலையில் தண்ணீருக்குள் கையை விட்டு நன்றாகக் கசக்கினால் தோல் கழன்று மேலே மிதக்கும், அதை ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர் விட்டுக் கசக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் தோல் இருந்தால் பூஞ்சை பருப்புக்குள் இறங்காது. அப்புறம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேகட்டும், விரலால் நசுக்கினால் உடைய வேண்டும், குழைந்துவிடக் கூடாது. இறக்கும்போது இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். பூஞ்சைக்கு அந்தப் புளிப்பு பெரிய தொந்தரவில்லை, கெடுக்கிற பாக்டீரியாக்கள் பலவற்றுக்குத்தான் ஒத்துவராது.

வடித்துத் துணியில் பரப்பி, விசிறியைப் போட்டு, பருப்பு கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள். தெம்பே கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில் அவசரப்படுவதால்தான். ஈரம் நின்றால் பாக்டீரியா முந்திக்கொள்ளும், பாக்கெட் கொழகொழவென்று ஆகிவிடும். தொட்டால் இளஞ்சூடு, அவ்வளவுக்கு ஆறியதும் தெம்பே ராகி என்ற புளிக்கவைக்கும் தூளை (கேழ்வரகு இல்லை) அதன் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி தூவிக் கிளறுங்கள் (புளித்த சோற்றுப் பண்டமான தாப்பாய்க்குப் போடும் வட்ட வில்லை வேறு சாமான், அதை வாங்கிவிடாதீர்கள்). அந்தத் தூளில் இருப்பது ரைசோபஸ் ஒலிகோஸ்போரஸ் என்ற பூஞ்சையின் வித்துகள். பிளாஸ்டிக் பையில் விரல்கடை தூரத்துக்கு ஒரு துளையாகக் குத்தி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பருப்பை நிரப்பித் தட்டையாக வையுங்கள். வாழையிலையும் சரிதான், வாசமும் நன்றாக இருக்கும்.

ஏர்கோன் இல்லாத அறையில் வைத்தால் போதும். குளிர் நாட்டுக்காரர்கள் இதற்கென்று சூடான பெட்டி தயார் செய்வார்கள், நமக்கு பினாங்கு வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும். முதல் பாதி நாள் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் பையின் உள்பக்கம் வேர்க்கும், தொட்டுப் பார்த்தால் அறையைவிடப் பை சூடாக இருக்கும். பூஞ்சை மூச்சுவிட்டு வளர்கிற சூடு அது. அந்த நேரத்தில் பைகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் காற்றோட்டமாகத் தள்ளித் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் தன் சூட்டிலேயே பூஞ்சை செத்துப்போகும். 24 முதல் 36 மணி நேரத்தில் வெள்ளை இழைகள் பருப்பையெல்லாம் கட்டிப் பிடித்து, வெட்டினால் துண்டு துண்டாக வரும்.

துளைக்குப் பக்கத்தில் சாம்பல், கறுப்புப் புள்ளி வந்தால் பயம் வேண்டாம், பூஞ்சை வித்து விட்டிருக்கிறது. இளஞ்சிவப்போ பச்சையோ தெரிந்தாலும் அழுகல் நாற்றம் வந்தாலும் தயங்காமல் குப்பையில் போடுங்கள், வேகவைக்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். தேங்காய்ப் பிண்ணாக்கில் மட்டும் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். ஜாவாவில் அப்படிப் போட்ட தெம்பே போங்க்ரெக்கில் ஒரு பாக்டீரியா புகுந்து நஞ்சை உண்டாக்கிப் பலர் இறந்திருக்கிறார்கள், இந்தோனேசியா 1988-ல் அதைத் தடையே செய்துவிட்டது.

சரி, இதற்கும் ஆய்வகத்துக்கும் என்ன சம்பந்தம்?

பால் புளிப்பது நுண்ணுயிரின் வேலை என்று லூயி பாஸ்டர் 1857-ல் காட்டினார். அதுவரை மனிதர்கள் ஆள் தெரியாமலே வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள், நம் தோசை மாவு உட்பட. பயோடெக்னாலஜி என்ற பெயரை 1919-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கார்ல் எரெக்கி என்ற ஹங்கேரிய வேளாண் பொறியாளர். ஆனால் இந்தத் துறையின் உண்மையான தலைவலி என்னவென்று தெரிய பூஞ்சையிலிருந்து வரும் பென்சிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தின் கதையைத்தான் பார்க்க வேண்டும். ஃபிளெமிங் 1928-ல் கண்டுபிடித்தார் என்பதோடு பள்ளிப் பாடம் முடிந்துவிடும். 1941-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு போலீஸ்காரருக்கு அதைக் கொடுத்தபோது அவர் தேறினார், ஆனால் மருந்து தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரிலிருந்து பென்சிலினைப் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றியும் போதவில்லை, இறந்துவிட்டார். அப்போது அந்தப் பூஞ்சையை வளர்த்தது, நோயாளிக்குப் படுக்கையில் வைக்கும் பெட்பேன் போன்ற தட்டுகளில். பெரிய தொட்டிக்குள் காற்றைச் செலுத்தி ஆழத்திலும் பூஞ்சையை வளர்க்க அமெரிக்காவில் கற்றுக்கொண்டார்கள். அதிக மருந்து சுரக்கும் வகை ஒன்று பியோரியா நகரச் சந்தையில் கிடைத்த பூசணம் பிடித்த முலாம்பழத்தில் அகப்பட்டது. அதற்குப் பிறகுதான் பென்சிலின் எல்லாருக்கும் எட்டியது. நாம் துளை குத்தின பையும் அவர்கள் காற்று ஊதின தொட்டியும் பூஞ்சைக்குக் காற்று கொடுப்பது என்ற ஒரே பிரச்சினைக்குத்தான் வழி தேடுகின்றன.

1973-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கோஹனும் போயரும் ஓர் உயிரின் மரபணுத் துண்டை வெட்டி பாக்டீரியாவுக்குள் ஒட்டிக் காட்டியதும் ஆட்டம் மாறியது. இருக்கிற நுண்ணுயிரிடம் அதற்குத் தெரிந்த வேலையை வாங்குவது போய், புது வேலையைச் சொல்லிக் கொடுக்க முடிந்தது. மனித இன்சுலின் செய்யும் மரபணுவை ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்த மருந்துக்கு 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் இன்சுலின் வந்தது மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து. நம் நாட்டில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு.

இங்கே நடப்பதையும் பாருங்கள். நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து பழகிய செம்பனையில், கொட்டை ஓடு தடிப்பா மெலிசா என்று தீர்மானிக்கும் ஷெல் மரபணுவை மலேசிய செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் 2013-ல் அமெரிக்கக் குழு ஒன்றோடு சேர்ந்து அடையாளம் கண்டார்கள். மெலிந்த ஓட்டு மரம்தான் எண்ணெய் அதிகம் தரும். முன்பு காய் பிடிக்கும்வரை வருடக்கணக்கில் காத்திருந்து தெரிந்துகொண்டதை, இப்போது நாற்றங்காலிலேயே இலையைச் சோதித்துச் சொல்லிவிடலாம்.

கோலாலம்பூரை ஒட்டிய கிராமாட்டில் ஒல்பாக்கியா கொசுவை விட்ட செய்தி வந்தபோது "மரபணு மாற்றிய கொசு" என்று வாட்ஸ்அப்பில் ஓடியது, தப்பு. ஒல்பாக்கியா பூச்சிகளின் உடம்பில் இயற்கையாகவே வாழும் பாக்டீரியா, கொசுவுக்குள் டெங்கிக் கிருமி பெருகவிடாது, கொசுவின் மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை. மரபணு மாற்றிய கொசுவைச் சோதனைக்கு விட்டது 2010-ல் பகாங் பெந்தோங்கில், அது வேறு கதை. இப்படிச் செய்தி வந்தால் எந்த உயிர், என்ன வேலை, மரபணுவில் கை வைத்தார்களா இல்லையா என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பயம் தெளிந்துவிடும்.

பிள்ளை தெம்பேயைத் தொட்டுப் பார்த்து "ஏன் சூடாகுது?" என்று தானாகக் கேட்டால் படிப்பைப் பற்றி யோசிக்கலாம், கேட்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. பயோடெக், பயோமெடிக்கல், பயோபுராசஸ் மூன்றும் ஒன்றில்லை. மரபணு, செல் ஆராய்ச்சி பிடித்தால் முதலாவது, மருத்துவமனைச் சோதனைக்கூடம் என்றால் இரண்டாவது, தொட்டி, குழாய், ஆலை என்றால் மூன்றாவது. எதை எடுத்தாலும் கணக்கும் புள்ளியியலும் துரத்தும், உயிரியல் மனப்பாடம் மட்டும் போதாது. விண்ணப்பிக்கும் முன் பல்கலைக்கழகத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மாணவர் கையாலேயே ஆய்வக வேலை செய்கிறார், போன வருடம் தொழிற்பயிற்சிக்கு அவர்களை எந்தெந்த நிறுவனங்கள் எடுத்தன. பதில் வழவழவென்று வந்தால் அடுத்த சாவடிக்குப் போய்விடுங்கள்.