கனமாக இருந்தால் உறுதியா? பைனாகுலர் வாங்குவோர் செய்யும் தவறுகள்

பறவைகள் சரணாலயமான வேட்டங்குடி கண்மாய்க் கரையில் போன மாதம் ஒரு தம்பி தன் புதுப் பைனாகுலரை என் கையில் கொடுத்து, "கனத்தைப் பாருங்கண்ணே, நல்ல உறுதியான சாமான்" என்றார். ஒரு காலத்தில் நானும் இதையே சொல்லித் திரிந்தவன். லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை தாமாகத் திருந்திவிடும்.

எடையை உறுதி என்று நினைப்பது

பர்மா தேக்குத் தூணையும் பித்தளை அண்டாவையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எதையும் தூக்கிப் பார்த்துத்தான் மதிப்போம். அந்தப் புத்தியோடு நான் வாங்கியது 10×50, அதாவது பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மி.மீ. அகலம். ஏறத்தாழ ஒரு கிலோ. கழுத்து வலிக்கிறதென்று ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு காரைக்குடியிலிருந்து வேட்டங்குடிக்குப் போவேன். ஒருநாள் முழங்கால் உயரத்திலிருந்து விழுந்தது. பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது. அந்தச் சத்தத்துக்கே கருவேல மரத்து நத்தைகுத்தி நாரைகள் எழும்பிவிட்டன. பைனாகுலரில் ஒரு கீறல்கூட இல்லை. பெருமையாகத் துடைத்து மாட்டிக்கொண்டேன்.

அந்தப் பருவம் முழுவதும் தலைவலி. வெயில் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக்கூட மாற்றினேன்! உண்மையில் உள்ளே பட்டகம், அதாவது ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டை, இம்மி நகர்ந்திருந்தது. இரு குழல்களும் வெவ்வேறு இடத்தைப் பார்க்க, மூளை இரண்டையும் இழுத்து ஒட்டவைத்துக்கொண்டிருந்தது. பழுதுபார்க்கக் கொடுத்த கடையில் பாதி விலையை வாங்கிக்கொண்டு அப்படியே திருப்பித் தந்தார்கள். இன்றும் நினைத்தால் எரிகிறது.

கனம் இருப்பது 50 மி.மீ. கண்ணாடியிலும் பட்டகங்களிலும். மலிவான சாமானில் அவற்றைப் பிடித்திருப்பது ஒரு மெல்லிய கிளிப்பும் துளிப் பசையும்தான். விழும்போது அந்தக் கனமே எதிரி. 700 கிராம் அளவில் நல்ல 8×42 போதும். பாலிகார்பனேட் உடல் என்றதும் பிளாஸ்டிக் என்று முகம் சுளிக்க வேண்டாம். பட்டகம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம்.

கடையிலேயே சோதிக்கலாம். தொலைவில் கிடையாக ஓடும் மின்கம்பியைப் பார்த்தபடி, பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல அரைச்சாண் தள்ளுங்கள். இரண்டு வட்டத்திலும் கம்பி ஒரே உயரத்தில் ஓட வேண்டும். அந்தத் தம்பியும் கரையில் நின்றே செய்து பார்த்தார். கம்பி ஒரு நூல் ஏறியிருந்தது. அதன்பின் அவர் கனத்தைப் பற்றிப் பேசவில்லை.

கனத்துக்குப் பயந்து பொடிசாக வாங்குவது

8×25 சட்டைப்பையில் அடங்கும், எடை 300 கிராம்தான். ஆனால் அதிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 3 மி.மீ. சொச்சம், 8×42-இல் 5 மி.மீ.க்கு மேல். பகலில் வேறுபாடு தெரியாது. பொழுது சாய்ந்து இராக்கொக்குகள் கிளம்பும் நேரத்தில் கரிய உருவம் மட்டுமே மிஞ்சும்.

நீர் புகாது என்று நம்பிப் பூட்டிவைப்பது

உள்ளே நைட்ரஜன் இருப்பதால் உட்புறம் பனிக்காது. வெளிக்கண்ணாடிக்கு அது காவல் அல்ல. ஐப்பசி மழையில் நனைந்ததைத் தோலுறையில் போட்டுப் பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள்.

கூடவே வரும் கழுத்து வார்

கழற்றி எறியுங்கள். முதுகில் குறுக்காகப் போகும் பட்டை வாங்குங்கள்.

வேட்டி முனையால் துடைப்பது

செம்மண் தூசி உப்புத்தாளுக்குச் சமம். முதலில் ஊதுங்கள்.

ஜூம் பைனாகுலர்

வேண்டாம்.