ஆன்டெனாவைத் திருப்பும் முன்: டெல்டா வீடுகளில் பழைய கைப்பழக்கம் செய்யும் தவறுகள்

போன மாதம் வேதாரண்யத்திலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். “தம்பி, டிஜிட்டல் ஆன்டெனான்னு ஒண்ணு விக்கிறானாம், வாங்கட்டுமா?” 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அந்தப் பக்கம் கரை ஏறியபோது தென்னையோடு மின்கம்பமும் கேபிள் ஒயரும் சேர்ந்து விழுந்தன. அதிலிருந்து, யார் ஒயரையும் நம்பாமல் காற்றில் வரும் படத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மாடியில் பழைய இரும்புக் குழாய் இன்னும் நிற்கிறது. அனுபவத்துக்கும் குறைவில்லை. எண்பதுகளில் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகள் மேற்கே கொடைக்கானலை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பின. கடலோர வீடுகள் தெற்கே திருப்பி இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தன. சித்தப்பா இரண்டையும் பிடித்தவர். சிக்கலே அந்த அனுபவம்தான். அனலாக் காலத்தில் கை கற்றுக்கொண்ட பல விஷயங்கள் டிஜிட்டலில் தலைகீழ்.

அவரிடம் நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, “எந்தக் கோபுரத்திலிருந்து?” இந்தியாவில் தரைவழி ஒளிபரப்பு செய்வது தூர்தர்ஷன் ஒன்றுதான். அதன் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் ஐம்பது போல விட்டுவிட்டு மற்றவற்றை 2022-க்குள் நிறுத்திவிட்டார்கள். டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறை 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் தொடங்கியபோது அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருந்தது சென்னை மட்டும். சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். அந்தச் சிக்னலை நம்பி டெல்டாவில் கம்பம் நட முடியாது. அதனால் பணத்தை எடுக்கும் முன் பக்கத்துத் தூர்தர்ஷன் டிரான்ஸ்மிட்டர் நிலையத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் ஊருக்கு எட்டும்படி டிஜிட்டல் ஒளிபரப்பு இப்போது நடக்கிறதா? எந்த அலைவரிசை? ஆன்டெனாவின் குச்சிகள் படுக்கையாக இருக்க வேண்டுமா, நிமிர்ந்தா? முதல் கேள்விக்கே இல்லை என்று பதில் வந்தால் உங்களுக்கு வேண்டியது குடை. அதாவது செயற்கைக்கோளிலிருந்து பிடிக்கும் டிடி ஃப்ரீ டிஷ். அதற்கும் மாதச் சந்தா கிடையாது.

கோபுரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு தூரம் எட்டும்? இங்கேதான் கொடைக்கானல் நினைவு ஏமாற்றும். அது இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் மலை உச்சி. அங்கிருந்து அலை 190 கிலோமீட்டர் வரை பூமியின் வளைவைத் தாண்டும். சமவெளியில் நிற்கும் கோபுரம் அப்படியல்ல. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். நூறு மீட்டர் கோபுரத்துக்கு 41; உங்கள் ஆன்டெனா பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் அதற்கு 13; கூட்டினால் 54. நம் ஊரில் குறுக்கே மலை இல்லாதது நல்லதுதான். ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறதே, அதுதான் மலை. நனைந்த மட்டை, டிஜிட்டல் படம் வரும் யுஎச்எஃப் என்ற அலைநீளம் குறைந்த அலையை நன்றாகவே குடிக்கும்; காற்றில் ஆடினால் சிக்னலும் கூடவே ஆடும். தோப்புக்கு மேலே போகுமா என்று பார்த்துவிட்டுக் குழாயின் நீளத்தை முடிவு செய்யுங்கள்.

அடுத்து, பரணில் கிடக்கும் பழைய ஆன்டெனா. அலுமினியம்தானே, துடைத்து மாட்டிவிடலாம் என்று தோன்றும். அதன் குச்சிகளை அளந்து பாருங்கள். முக்கால் மீட்டர் அளவில் இருந்தால் அது விஎச்எஃப் என்ற, அலைநீளம் கூடிய அலைக்குச் செய்தது. தூர்தர்ஷனின் டிஜிட்டல் ஒளிபரப்பு வருவது யுஎச்எஃப்பில். அதற்குக் குச்சி ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். மறுபக்கம், கடைக்காரர் ‘டிஜிட்டல்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ஆன்டெனாவுக்கு அனலாக், டிஜிட்டல் என்ற பேதமே தெரியாது. அலைநீளம் மட்டும்தான் தெரியும்.

டிவிப் பெட்டியிலும் இதே குழப்பம். ஸ்மார்ட் டிவி என்றால் ஆன்டெனா சிக்னலும் வந்துவிடும் என்பது பொதுவான நினைப்பு. அதன் விவரக்குறிப்பில் டிவிபி-டி2 என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் தனியாக டி2 பாக்ஸ் வேண்டும். அரசு கேபிள் பாக்ஸிலோ டிஷ் பாக்ஸிலோ ஆன்டெனா ஒயரைச் சொருகிப் பயனில்லை. மூன்றும் வேறு வேறு முறை.

சரி, இனி மாடிக்கு வருவோம். மேலே ஒருவர் குழாயைச் சுற்ற, கீழே ஒருவர் “இன்னும் கொஞ்சம்” என்று கத்துவது அனலாக்கில் நன்றாகவே பலித்தது. படம் பூச்சி பறந்து, நிழல் விழுந்து, மெல்லத் தெளியும். டிஜிட்டலில் நடுநிலை கிடையாது. சிக்னல் போதுமான அளவு இருந்தால் முழுப்படம். ஒரு படி குறைந்தால் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துபோகும். அதற்கும் கீழே கறுப்புத் திரை. போதாததற்கு, பாக்ஸ் சிக்னலைப் பிடித்துப் படம் காட்டச் சில விநாடி ஆகும். நீங்கள் விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், சரியான இடத்தைத் தாண்டிப் போன பிறகுதான் கீழேயிருந்து “வந்துடுச்சு” என்று சத்தம் வரும். கொஞ்சம் திருப்புங்கள், பத்து எண்ணுங்கள், அப்புறம் மீண்டும் திருப்புங்கள். திசையைக் கைப்பேசித் திசைகாட்டியில் முன்னதாகவே குறித்துக்கொண்டால் வேலை பாதி. இரும்புக் குழாயை ஒட்டி நின்று பார்த்தால் முள் பொய் சொல்லும். நாலடி தள்ளி நில்லுங்கள்.

படம் வந்தாயிற்று என்று அதோடு இறங்கிவிடுவதும் தவறு. பாக்ஸின் மெனுவில் சிக்னல் வலிமை, சிக்னல் தரம் என்று இரண்டு பட்டைகள் இருக்கும். பெரும்பாலோர் வலிமையைப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். பார்க்க வேண்டியது தரத்தை. விளிம்பில் நிற்கும் சிக்னல் இன்று தெளிவாகத் தெரியும். ஐப்பசி மழையில் போய்விடும். தரப் பட்டை மிக மேலே போகும் இடத்தில் குழாயை இறுக்குங்கள்.

கடலோரக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கோடிக்கரையிலிருந்து யாழ்ப்பாணத்தின் வடகரை ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான். காற்றில்லாத வெயில்கால மாலைகளில் கடல்மேல் குளிர்ந்த காற்றுக்கு மேலே வெப்பக்காற்று படுத்துக்கொள்ளும். அந்த இடுக்கில் அலை குழாய்க்குள் போவது போல நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். அந்தக் காலத்தில் இது கொண்டாட்டம். இப்போதோ, அதே அலைவரிசையில் தூரத்துச் சிக்னல் வந்து மோதினால் உள்ளூர்ப் படமும் உடையும். அப்படி ஒரு மாலையில் பதறி மாடியேறி ஆன்டெனாவைத் திருப்பினால், மறுநாள் காலை எல்லாம் சரியான பிறகு உங்கள் ஆன்டெனா மட்டும் தவறாக நிற்கும். ரிமோட்டை எடுத்து ஆட்டோ ஸ்கேன் போடுவது அதைவிட மோசம்: பல பாக்ஸ்கள் இருக்கிற சேனல் பட்டியலை அழித்துவிட்டுத்தான் தேடவே ஆரம்பிக்கும். ஒரு நாள் பொறுத்திருங்கள்.

பூஸ்டர் பற்றி ஒரு வார்த்தை. சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரை டிவிக்குப் பின்னால் வைப்பது நம் ஊர் வழக்கம். ஆர்ஜி-6 என்ற உருண்டை டிவி ஒயரில் இருபது மீட்டர் இறங்கி வருவதற்குள் யுஎச்எஃப் சிக்னல் ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்தப் பாதியைக் கீழே பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். பூஸ்டரின் இடம் மேலே, ஆன்டெனாவின் காலடியில். கோபுரத்துக்கு அருகே இருக்கும் வீட்டுக்குப் பூஸ்டரே வேண்டாம்; சிக்னல் அளவு மீறினாலும் படம் உடையும். பழைய பட்டை ஒயரை மட்டும் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடுங்கள்.

உப்புக் காற்றும் மழையும் முதலில் கை வைப்பது ஒயர் சேரும் இடத்தில். எங்கள் வீட்டு டிஷ் ஒயரில் தண்ணீர் உள்ளே இறங்கிச் செம்பு பச்சை பூத்திருந்ததைக் கண்டுபிடிக்காமல் இரண்டு பாக்ஸ் மாற்றினேன். இணைப்பில் தண்ணீர் புகாத டேப்பைச் சுற்றுங்கள். ஜன்னலுக்குள் நுழையும் முன் ஒயரைக் கீழே தொங்கும் வளைவாக விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். குழாயைத் தடித்த கம்பியால் எர்த் செய்யாமல் விடுவது இந்த எல்லாத் தவறுகளிலும் பெரியது. வயல்வெளியில் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான இரும்பு அதுவாகத்தான் இருக்கும். இடி கேட்கும் முன்பே, மழைமேகம் திரளும்போதே ஆன்டெனா ஒயரையும் கரண்ட் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். இடி கேட்டாலோ மின்னல் வெட்ட ஆரம்பித்தாலோ ஒயரைத் தொடவே வேண்டாம்.

சித்தப்பா மூன்று கேள்விகளையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். பதில் வரும்வரை மாடிக் குழாயில் கொடி கட்டிச் சித்தி துணி காயப் போடுகிறார்.